புண்ணாற்றும் பெப்டைடுகள்

காயம் என்னும் சொல்லுக்கு நம் மொழியில் இருபொருள் உண்டு. உடம்பு என்பது ஒன்று. அவ்வுடம்பிற் பட்ட புண் என்பது மற்றொன்று. உடம்பைக் குறிப்பது வடமொழிவழி வந்த சொல். இவ்விரண்டும் ஒலியால் ஒன்றாய் நிற்றலை எண்ணி யான் பலகாலும் வியந்ததுண்டு. பதிற்றுப்பத்தினுள் ஒரு பாட்டு, போரிற் பட்ட புண்ணை நெடிய வெள்ளூசி கொண்டு தைத்த செய்தியைக் கூறுகின்றது. குளத்தில் மூழ்கி மேலெழும் சிச்சிலிப் பறவையைப்போல அவ்வூசி குருதியுள் மறைந்து வெளிப்படுமாம். உவமையின் அழகு ஒருபுறம் இருக்க, மருத்துவன் செய்தது யாது? பிளந்த இரு விளிம்புகளையும் அருகருகே நிறுத்தினான், அவ்வளவே. அவற்றை ஒட்டவைத்தவன் அவன் அல்லன். ஒட்டவைத்தது உடம்பு. ஊசியும் நூலும் அதற்கு வாய்ப்பளித்தன.

உடம்பு தானே செய்யும் அவ்வேலையை விரைவுபடுத்த இயலுமா என்பதே இக்கட்டுரையிற் கூறப்புகும் பொருள். தமிழ் பயிலும் மாணவன் இதனுள் தலையிட்டது எங்ஙனம் எனின், கூறுவேன். எம் விடுதியில் என் எதிரறையில் உறையும் நண்பன் ஒருவன் 1500 மீட்டர் ஓட்டத்தில் வல்லவன். ஐந்து திங்களாக அவனுக்குக் குதிகால் நாணில் நோவு. காலையிற் படுக்கைவிட்டு எழுந்து முதலடி வைக்கும்போது முகத்தைச் சுளிப்பான். கல்லூரிகளுக்கிடைப் பந்தயமோ நெருங்கிக்கொண்டிருந்தது. உடற்பயிற்சிக்கூடம் ஒன்றிற் பழகிய ஒருவர் அவனுக்கு ஒரு சிறு கண்ணாடிக் குப்பியைத் தந்தார். உள்ளே வெண்பொடி சிறிது. 'ஆராய்ச்சிக்கு மட்டுமே, மனிதர் பயன்படுத்தற்கன்று' என்னும் பொருள்பட ஆங்கிலத்தில் ஓர் ஒட்டுச்சீட்டு. அதன் கீழே பி.பி.சி.-157 என்னும் பெயர். அவன் அதனை என் மேசைமேல் வைத்து, “சொல்லைப் பிரித்துப் பொருள் காண்பதுதானே உன் படிப்பு, இதையும் பிரித்துச் சொல்” என்றான். நகைப்பாகவே சொன்னான். ஆயினும், அன்றிரவே ஊசி போட்டுக்கொள்ள அவன் மனம் ஒருப்பட்டிருந்ததை யான் அறிவேன். ஒரு கிழமை பொறுக்குமாறு வேண்டினேன். அக்கிழமையிலும் அதன் பின்னரும் யான் படித்தறிந்தவை இவை.

பெப்டைடு என்பது கிரேக்க மொழியில் 'செரித்தது' எனப் பொருள்படும் சொல்லினின்று பிறந்தது. எமில் ஃபிஷர் என்னும் செருமானிய வேதிநூற் புலவர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இப்பெயரை வழங்கினார். எமக்குப் பழகிய உவமையாற் கூறின், அமினோ அமிலங்கள் எழுத்துக்கள். அவை ஏறக்குறைய இருபது. அவ்வெழுத்துக்கள் சில கோவைபட நின்றால் அது பெப்டைடு என்னும் சொல். மிகப் பல கோவைபட்டு, மடிந்து, உருக்கொண்டு நின்றால் அது புரதம் என்னும் நூல். சொல்லுக்கும் நூலுக்கும் எல்லை இதுவென வரையறுத்தல் அரிது. அமெரிக்க உணவு, மருந்து நிருவாகம் நாற்பது எழுத்துக்கு மேற்படாதவற்றையே பெப்டைடு எனக் கொள்ளுகின்றது. யான் இக்கட்டுரையில் அத்துணைக் கண்டிப்பு மேற்கொள்ளவில்லை. ஒப்பிடுதற்பொருட்டு எல்லை கடந்த சிலவற்றையும் உடன்சேர்த்துள்ளேன்.

இவ்வகைச் சேர்மங்களுள் உலகறிந்தது இன்சுலின். 51 அமினோ அமிலங்கள் உடையது. 1921-இல் டொரண்டோ நகரில் பாண்டிங், பெஸ்ட் என்னும் இருவர் அதனைப் பிரித்தெடுக்க வழிகண்டனர். 1922 சனவரியில் பதினான்கு வயதுச் சிறுவன் ஒருவனுக்கு அது முதன்முதல் செலுத்தப்பட்டது. அதனை வாயால் உண்ண இயலாமைக்குக் காரணம் வெளிப்படை. வயிற்றுக்குச் சொல்லும் நூலும் ஒன்றே; இரண்டையும் எழுத்தெழுத்தாய்ப் பிரித்து உண்டுவிடும். ஆகலின் இவற்றுட் பெரும்பாலன ஊசிவழியாகவோ மேற்பூச்சாகவோதான் செல்லுகின்றன. 1963-இல் மெரிஃபீல்டு என்னும் அமெரிக்கர், திண்பொருள் மணியொன்றில் முதலெழுத்தைப் பிணித்து, அடுத்தடுத்த எழுத்துக்களை ஒவ்வொன்றாய்க் கோக்கும் முறையைக் கண்டார்; 1984-இல் நோபல் பரிசு பெற்றார். அரிய சேர்மங்களை எளிதிற் செய்ய வழி பிறந்தது அதனால். என் நண்பன் கைக்குக் குப்பி வந்ததும் அதனாலேயே.

இனிப் புண் ஆறுமாற்றைச் சிறிது நோக்குவோம். முதலிற் குருதி உறைகின்றது. உறைவிக்கும் தட்டணுக்கள், தாம் சுமந்துள்ள சிறு புரதங்களைச் சிந்தி, பிற உயிரணுக்களை அழைக்கின்றன. வெள்ளணுக்கள் திரண்டு வந்து அழுக்கையும் கிருமியையும் அகற்றுகின்றன. அப்பொழுது தோன்றும் செம்மையும் வெம்மையும் வீக்கமும் நமக்குத் துன்பமாயினும், அவை வேலை நடைபெறுதற்கு அடையாளம். பின்னர்ப் புதிய குருதிக்குழல்கள் முளைக்கின்றன. நார் நூற்கும் அணுக்கள் கொல்லாஜன் என்னும் நாரை நெய்கின்றன. முதலில் நெய்வது மெல்லிய நார்; திங்கள் பல கழிய அதனைக் கலைத்து வலிய நாரால் மீண்டும் நெய்கின்றன. இத்துணையும் முடிந்த பின்னரும் தோலின் வடு, பழைய தோலின் வலிமையில் ஏறத்தாழ 80 விழுக்காட்டுக்கு மேற்படுவதில்லை. நாணும் மூட்டு நாரும் இன்னும் மெதுவானவை. குருதியோட்டம் அவற்றில் அருகியிருத்தலே காரணம்.

நாய் தன் புண்ணை நக்குதலை யாவரும் கண்டிருப்போம். அதனுள் ஒரு மெய்ம்மை பொதிந்துள்ளதென்பதை எதிர்பாராத வழியிற் காட்டியவர் ஸ்டான்லி கோகன் என்பவர். எலியின் உமிழ்நீர்ச் சுரப்பியிலிருந்து எடுத்த சாற்றைப் பிறந்த எலிக்குஞ்சுகட்கு அவர் செலுத்தினார். ஏறக்குறைய இரு கிழமையிற் றிறக்கவேண்டிய கண்கள் ஒரு கிழமையிலேயே திறந்துவிட்டன. மற்றொருவராயின் 'கண் திறந்தது' எனக் குறித்துவைத்து அப்பாற் சென்றிருப்பர். அவரோ காரணத்தைத் தேடினார். 53 அமினோ அமிலங்களாலாய மேற்றோல் வளர்ச்சிக் காரணி அகப்பட்டது. ரீட்டா லெவி-மொண்டால்சினி அம்மையாரோடு 1986-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். அக்காரணியைப் புண்ணினுள்ளே ஊசியாற் செலுத்தும் மருந்தொன்று கியூபா நாட்டில் 2006-இல் நீரிழிவுக் காற்புண்ணுக்கெனப் பதிவு பெற்றது. நீரிழிவினாற் காலிழப்போர் மிக்க நம் நாட்டினர் இச்செய்தியை வாளா கடந்துசெல்லுதல் இயலாது.

அதே புண்ணுக்கு அமெரிக்காவில் 1997-இல் இசைவு பெற்றது பெகாப்லெர்மின் என்னும் பசை. இது தட்டணுக்கள் சிந்துவதாக மேலே கூறிய புரதங்களுள் ஒன்றின் படி. 1998-இல் வெளிவந்த ஆய்வு 382 நோயாளரைக் கொண்டது. உரிய அளவில் மருந்திட்ட பசையைத் தடவியோருள் 20 கிழமையில் 50 விழுக்காட்டினர்க்குப் புண் முற்றும் மூடியது. மருந்தில்லாத வெறும் பசையைத் தடவியோருள்ளும் 35 விழுக்காட்டினர்க்கு மூடியது. இவ்விரண்டாம் எண்ணை வாசகர் மனத்திற் கொள்ளல்வேண்டும். மருந்தே இல்லாமல் நூற்றுக்கு முப்பத்தைவர் ஆறினர்! அவர்கட்கு வெறும் பசையெனக் கூறாமல் ஒரு பெரும்பெயரிட்டுக் கொடுத்திருப்பின், அம்முப்பத்தைவரும் அதன் புகழைப் பாடியிருப்பர். மருந்தின் உண்மை வலிமை 50 அன்று. இரண்டிற்கும் இடைப்பட்ட 15. இது சிறிதன்று, ஆயினும் 15 தான். பிறிதொன்றும் உண்டு. செத்த தசையை அடிக்கடி அகற்றித் தூய்மை செய்த மருத்துவமனைகளில், மருந்திட்டோர் இடாதோர் இருதிறத்தார்க்கும் புண் நன்கு ஆறியது என 1996-இல் ஓர் ஆய்வு காட்டிற்று. கத்தியும் பஞ்சும் அறிந்த பழைய செவிலியர் இதனைக் கேட்டால் வியப்படையார்.

இம்மருந்தை மிகுதியாகப் பயன்படுத்தினோரிடைப் புற்றுநோயால் இறப்பு மிகலாம் என 2008-இல் கடும் எச்சரிக்கை விதிக்கப்பட்டது. மேலும் ஆராய்ந்தபின் 2018-இல் அது நீக்கப்பட்டது. வளர்ச்சியைத் தூண்டும் எப்பொருளின்மீதும் இவ்வையம் எழுதல் இயல்பே. புண்ணுக்கு வேண்டிய புதுக்குழல்களும் அணுப்பெருக்கமும் கழலைக்கும் வேண்டும்.

எலும்புக்கு வருவோம். பாராதைராய்டுச் சுரப்பியின் சுரப்பு 84 எழுத்துடைய நெடுஞ்சொல். அதன் முதல் 34 எழுத்தே தன் தொழிலைச் செய்யவல்லது. அத்துணுக்குக்கு டெரிபாரடைடு என்று பெயர். எலும்புமெலிவு நோய்க்கு 2002-இல் அமெரிக்காவில் இசைவு பெற்றது. இச்சுரப்பு இடையறாது மிகுந்திருப்பின் எலும்பைக் கரைக்கும்; நாளொன்றுக்கு ஒருமுறை சிறிதளவு வந்துபோயின் எலும்பை வளர்க்கும். ஒரே பொருள் வருகின்ற முறையால் நேர்மாறாய்த் தொழிற்படுதல் எத்துணை வியப்பு! முறிந்த எலும்பை இது விரைந்து கூட்டுமா என அறிய, மணிக்கட்டருகே முறிவுற்ற 102 பெண்டிரை மூன்று குழுவாக்கி ஆராய்ந்து 2010-இல் வெளியிட்டனர். வெற்று ஊசி பெற்றோர்க்கு 9.1 கிழமையிலும், 20 மைக்ரோகிராம் பெற்றோர்க்கு 7.4 கிழமையிலும் கூடியது. அதனினும் இருமடங்காகிய 40 பெற்றோர்க்கோ 8.8 கிழமை. மிகுதி நன்மைக்கு மிகுதி மருந்து என எண்ணியோர் கணக்குத் தவறிற்று. பின்னர்த் தொடையெலும்பின் கழுத்து முறிவில் ஆராய்ந்தபோது பயன் புலப்படவில்லை. ஓரிடத்துப் பலித்தது மற்றோரிடத்துப் பலியாதொழிதல் மருத்துவத்திற் புதிதன்று.

இனி நண்பனுடைய குப்பி. பி.பி.சி.-157 என்பது 15 அமினோ அமிலங்களின் கோவை. மனிதரின் இரைப்பை நீரிலுள்ள புரதம் ஒன்றன் பகுதியெனக் கூறி, குரோவாசிய நாட்டு ஸாகிரெப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் பிரெட்ராக் சிகிரிச்சும் அவர் குழுவினரும் 1990-களில் உலகுக்கு அறிவித்தனர். பிற பெப்டைடுகளை அழிக்கும் இரைப்பை நீரிலும் இஃது அழியாது நிற்கும் என்பர். எலிகளின் குதிகால் நாணை அறுத்தும், முழங்கால் நாரை அறுத்தும், தசையை நசுக்கியும், குடலைப் புண்படுத்தியும் அவர்கள் சோதித்தனர். ஏறக்குறைய எல்லாவற்றிலும் நற்பயன் கண்டதாக எழுதியுள்ளனர். அக்கட்டுரைகளைப் படிக்கப் படிக்க எனக்கு முதலில் மகிழ்ச்சியும் பின்னர் ஐயமும் தோன்றின. நாண், குடல், எலும்பு, நரம்பு, மூளை என எல்லாவற்றையும் ஒரே பொருள் சீராக்குமெனின், சந்தையிற் சர்வரோக நிவாரணி விற்போனின் குரல் என் காதில் விழுகின்றது. அஃது என் குறையாகவும் இருக்கலாம். ஆயினும் எலியின்மேல் நிகழ்ந்த ஆய்வுகளுட் பெரும்பகுதி ஒரே குழுவினின்று வந்தமை எவரும் மறுக்கவொண்ணாதது. மனிதர்பால் நிகழ்ந்தனவோ மிகச் சில. அவற்றுள்ளும் முழங்கால் நோவுபற்றி 2021-இல் வெளிவந்த குறிப்பில் நோயாளர் இருபதின்மர்கூட இல்லை. மருந்து பெறாத ஒப்புக்குழுவும் இல்லை.

எலியின் நாண் ஆய்வகத்திற் கத்தியால் நேரே அறுக்கப்பட்டது, உடலும் இளையது. என் நண்பனுடைய நாண் நாடோறும் ஓடி ஓடி நைந்தது. இரண்டும் 'நாண்காயம்' என ஒரு பெயர் பெற்றாலும் ஒன்றாகா. அன்றியும் இப்பெப்டைடு எலி, நாய் இவற்றின் குருதியில் அரைமணிக்குள் பாதியாய்க் குறைந்துவிடுகின்றது என 2022-இல் வந்த ஆய்வொன்று கூறுகின்றது. புதுக்குழல்களை முளைப்பிக்கும் என்பதே இதன் புகழ். மேலே கூறிய புற்றைப்பற்றிய ஐயத்துக்கு இடமும் அதுவே. உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமை 2022-ஆம் ஆண்டின் தடைப்பட்டியலில் இதனைச் சேர்த்தது. அமெரிக்க நிருவாகம் 2023-இல், மருந்துக்கடையில் கூட்டிச் செய்தற்குப் பெருங்கேடு விளைக்கக்கூடிய பொருள்களின் வகையில் இதனை வைத்தது.

இதன் உடன்பிறப்பைப்போலச் சந்தையில் விற்கப்படுவது டி.பி.-500. இஃது எதுவென்று கேட்டால் இரண்டு விடை கிடைக்கின்றது. தைமஸ் சுரப்பியிற் கண்டறியப்பட்ட தைமோசின் பீட்டா-4 என்னும் 43 எழுத்துக் கோவையே அது என்பார் சிலர். ஆனால் அப்பெயரிட்டு விற்ற பொருளைச் சோதித்து 2012-இல் வெளியிட்ட ஆய்வில் காணப்பட்டது, அக்கோவையின் 17 முதல் 23 வரையுள்ள ஏழெழுத்துத் துணுக்கு. ஒரு பெயர், இருபொருள்; காயத்தைப்போலவே. தைமோசின் பீட்டா-4 உண்மையில் ஆராயத்தக்க பொருள். உயிரணுக்களின் உள்ளிருந்து அவற்றை நகரச் செய்யும் ஆக்டின் என்னும் புரதத்தை அது பற்றிக் காக்கின்றது. எலியின் தோற்புண்ணை விரைந்து மூடச் செய்ததை 1999-இற் காட்டினர். மனிதரில் படுக்கைப்புண்ணுக்கும் கண்ணின் கருவிழிப் புண்ணுக்கும் முறையான சோதனைகள் நடந்தன. நைந்த நாணுக்கு அத்தகைய சோதனை எதனையும் யான் கண்டிலேன்.

இப்பொருளால் நேர்ந்த ஒரு வரலாற்றை நண்பனிடம் விரிவாகவே எடுத்துரைத்தேன். ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரத்து எசெண்டன் கால்பந்துக் கழகத்தார் 2012-ஆம் ஆண்டில் தம் ஆட்டக்காரர்க்கு ஊசிமருந்துகள் பல செலுத்தச் செய்தனர். இளைஞர் ஒப்புதற் படிவத்திற் கையொப்பமிட்டனர். பெரியோர் சொன்னதை நம்பினர். எவர்க்கு எது, எத்துணை என்பதற்குப் போதிய பதிவுகள் இல்லை. 2015-இல் உள்நாட்டுத் தீர்ப்பாயம் குற்றம் மெய்ப்படவில்லை என்றது. 2016 சனவரியில் விளையாட்டு நடுவர் நீதிமன்றம் அதனை மாற்றி, 34 பேரும் தைமோசின் பீட்டா-4 பெற்றனர் எனக் கொண்டு தண்டித்தது. 2016-ஆம் ஆண்டின் ஆட்டம் முழுவதும் அவர்க்கு இழப்பாயிற்று. 2012-இன் சிறந்த ஆட்டக்காரரெனப் பரிசு பெற்ற கழகத் தலைவர் அப்பரிசையும் இழந்தார். தம் உடம்பினுள் யாது சென்றது என்பதை அவருட் பலர் இன்றளவும் உறுதியாய் அறியார். இதனைக் கேட்டபோதுதான் நண்பன் முதன்முறையாக வாய்மூடியிருந்தான்.

ஜி.எச்.கே. என்னும் மூன்றெழுத்துப் பெப்டைடைப்பற்றியும் அவன் வினவினான். 1973-இல் லோரன் பிக்கார்ட் என்பவர் மனிதக் குருதிநீரிற் கண்டது. செம்போடு கூடி நிற்பது. ஆய்வகத் தட்டில் கொல்லாஜனை மிகுவிக்கின்றது. இதுகாறும் அதன் பெருவாழ்வு முகப்பூச்சுக்களில்தான். நாணுக்கு அதனாற் பயனுண்டென யான் எங்கும் படித்திலேன்.

இவற்றையெல்லாம் ஒருங்குவைத்து எது சிறந்தது எனக் கேட்பது எளிது. ஆனால் அவை ஒரே தராசில் நிற்பனவல்ல. பெகாப்லெர்மினுக்கும் டெரிபாரடைடுக்கும் எதிர்த்தட்டில் வெற்று மருந்து இருந்தது, தோல்விகளும் வெளிவந்தன, எச்சரிக்கைகளும் எழுதப்பட்டன. குப்பியில் விற்பனவற்றுக்கு எதிர்த்தட்டே இல்லை. 1747-இல் ஜேம்ஸ் லிண்டு என்னும் கப்பல் மருத்துவர் ஸ்கர்வி நோயுற்ற பன்னிரு மாலுமியரை இருவர் இருவராய்ப் பிரித்து, ஒவ்வோர் இணைக்கும் ஒவ்வொரு பொருள் கொடுத்தார். நாரத்தையும் எலுமிச்சையும் போன்ற கனிகளை உண்ட இருவரே விரைவில் தேறினர். அந்நோயில் ஆறாப் புண் மட்டுமன்றி ஆறிய பழம்புண்ணும் வாய்திறக்கும். கொல்லாஜன் நெய்தற்கு உயிர்ச்சத்து சி இன்றியமையாதது. அக்காரணம் லிண்டுக்குத் தெரியாது. ஒப்பிட்டுப் பார்க்க மட்டும் தெரிந்திருந்தார்.

“பந்தயம் போய்விடுமே, அப்போது உன் லிண்டு வந்து ஓடுவாரோ?” என்று நண்பன் சினந்தான். அதற்கு என்னிடம் விடையில்லை. நைந்த குதிகால் நாணுக்கு ஆராய்ந்து கண்ட வழி ஒன்றை மட்டும் கூறினேன். சுவீடன் நாட்டு மருத்துவர் ஆல்ஃபிரெட்சன் 1998-இல் வெளியிட்டது. படியின் விளிம்பில் முன்பாதத்தால் நின்று, நோவுடைய காலின் குதிகாலை மெல்லக் கீழே இறக்கல்வேண்டும், நாளொன்றுக்கு 180 முறை, 12 கிழமை. அவர் ஆராய்ந்த ஓட்டக்காரர் பதினைவரும் மீண்டும் ஓடினர். குலுக்கிப் பிரித்த ஆய்வன்று அது. எனினும் பின்வந்தோர் பலர் அம்முறையைச் சோதித்துள்ளனர். நாணின் உயிரணுக்கள் தம்மேல் ஏறும் சுமையை உணர்ந்தே நாரை நெய்கின்றன. சுமையும் ஒருவகைச் செய்தியாகிறது.

அவன் பந்தயத்துக்குச் செல்லவில்லை. எட்டாம் கிழமை நடக்கின்றது. விடிகாலையில் மாடிப்படியில் அவன் எண்ணும் ஓசையால் யான் விழித்துக்கொள்கிறேன். நூற்றுக்கு மேல் எண்ணும்போது குரல் சற்றுக் கடுமையாகும். முதலடியின் நோவு குறைந்துள்ளதாகக் கூறுகிறான். குளிர்ந்த காலையில் இன்னும் உண்டாம். குப்பி என் மேசையில், அகராதியின் பின்னே, திறவாமல் இருக்கின்றது. அதனை எங்கே எறிவது என வேதியியல் விரிவுரையாளர் ஒருவரை வினவியுள்ளேன்.